கசிவின் ஊற்றுக்கண்

காவிரி பாயும் தஞ்சை நாட்டில் உழவர்க்கு முதற்பகை வறட்சி என்றால், இரண்டாம் பகை கசிவு எனலாம். மேட்டூரில் புறப்பட்டுக் கல்லணையை அடைந்து, ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் கிளைத்து, மடை வழியே வயலுக்குள் நுழைகின்ற நீர், வரப்பிலுள்ள ஒரு சிறு நண்டு வளையின் வழியே ஓசையின்றி வெளியேறிவிடுவதுண்டு. மாலையில் நீர் நிறைந்து நின்ற வயல், காலையில் வெறுஞ் சேறாகக் கிடக்கும்.

இக்கசிவை அடைப்பதில் இரு வகையினர் உண்டு. பழக்கமில்லாதவன், வரப்பின் வெளிப்புறத்தில் நீர் பீறிடும் இடத்தைக் கண்டவுடன் ஒரு கை சேற்றை அள்ளி அதன்மேல் அப்புவான். சிறிது நேரம் நீர் நிற்கும். பிறகு அருகிலேயே வேறொரு வழியில் பீறிடும். தேர்ந்த உழவரோ வயலின் உட்புறத்தில் இறங்குவார். நீர் உட்புகும் வாயைக் காலால் தடவிக் கண்டுபிடிப்பார். அவ்வளையை மண்வெட்டியால் வெட்டித் திறந்து, உள்ளே கிடக்கும் பொலபொலப்பான மண்ணை அகற்றிவிட்டு, நல்ல களிமண்ணை இட்டு மிதித்து இறுக்குவார். வேலை சற்று மிகுதிதான். ஆனால் மறுநாள் அதே இடத்திற்கு அவர் மீண்டும் வரவேண்டுவதில்லை.

நீரின் கசிவை இவ்வளவு நுட்பமாக அறிந்த இந்நாட்டில், இன்று மற்றொரு கசிவும் உழவரின் கவலைக்கு உரியதாகிவிட்டது. அது வயலில் ஓடும் டிராக்டரின் எண்ணெய்க் கசிவு. ஒரு காலத்தில் இம்மண்ணைச் சேறாக்கியவை ஏர்மாடுகளே. 1960-61ஆம் ஆண்டில் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்திற்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. அதே 1960இல்தான் சென்னையில் டாஃபே என்னும் டிராக்டர் நிறுவனமும் தோன்றியது. அதன் பின்னர் வந்த ஆண்டுகளில், ரப்பர்ச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு இரும்புக் கூண்டுச் சக்கரங்களை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கும் டிராக்டர், படிப்படியாக ஏர்மாடுகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

டிராக்டரின் உயிர் அதன் டீசல் இன்ஜின். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய இன்ஜினே இதன் மூதாதை. காற்றை மிகவும் அழுத்தினால் அது பெரிதும் சூடேறும். அச்சூட்டில் எரிபொருளைத் தெளித்தால் அது தானே பற்றிக்கொள்ளும். இவ்வுண்மையின்மேல் எழுந்ததே அவர் படைப்பு. இவ்வாறு எரியும் இன்ஜினுக்குள் பிஸ்டன்களும் கிராங்க் தண்டும் நிமிடத்திற்கு இரண்டாயிரம் முறை வரையிலும் இயங்கும். உலோகத்தோடு உலோகம் நேரே உரசினால் அவை விரைவில் தேய்ந்து, சூடேறி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நின்றுபோகும். அவ்வாறு நேராதபடி இடையில் மெல்லிய படலமாக நின்று காப்பது எண்ணெய். இன்ஜினின் அடியில் ‘சம்ப்’ எனப்படும் தொட்டியில் அது தங்கியிருக்கும். பல டிராக்டர்களில் அதன் அளவு ஏறத்தாழ ஆறு முதல் எட்டு லிட்டர். அங்கிருந்து ஒரு பம்பு அதனை மேலே அனுப்ப, அது எல்லா உறுப்புகளையும் நனைத்துவிட்டு மீண்டும் தொட்டிக்கே திரும்பும்.

இத்தொட்டியில் எண்ணெய் போதிய அளவு உள்ளதா என்பதைக் கண்ணால் காண இயலாது. அதற்காக அமைந்ததே ‘டிப்ஸ்டிக்’ என்று பட்டறைகளில் வழங்கும் அளவுகோல். அது மெல்லிய இரும்புத் தகடு. அதன் நுனியில் மேல் அளவும் கீழ் அளவும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவுகோல் சென்று வருவதற்குப் பல இன்ஜின்களில் ஓர் உலோகக் குழாய் உண்டு. விரல் பருமனே உள்ள அக்குழாயின் அடிமுனை, இன்ஜினின் உடற்பகுதியிலோ தொட்டியின் பக்கத்திலோ உள்ள துளையில் இறுகப் பொருந்தியிருக்கும். சிலவற்றில் அவ்விடத்தில் ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். மேல்முனைக்கு அருகில் ஒரு கிளாம்பு அதனை இன்ஜினோடு பிணைத்து நிறுத்தும்.

குழாய் எளிய பொருள். ஆயினும் அதற்கும் முதுமை உண்டு. சேறும் வைக்கோல் தூசும் படிந்து துருவேறலாம். இன்ஜினைக் கழற்றி மாட்டும்போது வளைந்து ஒடியலாம். அப்போது உதிரிப்பாகக் கடையிலிருந்து புதிய குழாய் ஒன்று வாங்கிப் பொருத்துவர். தொல்லை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பழைய குழாய் இருந்தவரையில் ஈரமே காணாத இடத்தில், புதிய குழாய் வந்த சில நாட்களில் எண்ணெய் அரும்பத் தொடங்கும்.

“ஒரு சொட்டு எண்ணெய்தானே!” என்று எண்ணுவோர் சற்றுக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். ஏறத்தாழ இருபது சொட்டுகள் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் ஒரு மணி நேரத்தில் 3,600 சொட்டுகள், அதாவது 180 மில்லிலிட்டர். ஆறு மணி நேரம் உழுது முடிப்பதற்குள் ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும். காலையில் அளவு சரியாக இருந்தது என்று நம்பி இரண்டு மூன்று நாட்கள் பார்க்காமல் ஓட்டினால், தொட்டியில் எண்ணெய் ஏறத்தாழ பாதியளவு வரை இறங்கிவிடக்கூடும். அதன் பின் இன்ஜின் பிடித்துக்கொள்வதற்கு நெடுநேரம் ஆகாது.

அது நிகழும் காலமும் கருதத்தக்கது. 1934ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து, நீர் இருப்புப் போதுமாயின், ஜூன் 12ஆம் நாள் பாசனத்திற்கு நீர் விடுவது மரபு. அந்நீர் வந்தவுடன் குறுவைக்காக ஊரெல்லாம் ஒரே சமயத்தில் உழவு தொடங்கும். ஒரு டிராக்டரை எதிர்பார்த்துப் பத்து வயல்கள் காத்திருக்கும். நாற்றங்காலில் நாற்று முதிர்ந்துகொண்டிருக்கும். நடவுக்கு வரும் பெண்களுக்கு நாள் குறித்தாகியிருக்கும். உழவு தள்ளினால் நடவு தள்ளும். நடவு தள்ளினால் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் சிக்கும். நெல்லில் ஈரம் 17 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்பது கொள்முதல் நிலையங்களின் பொதுவிதி. மழையில் நனைந்த நெல்லைச் சாலையில் பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கும் குடும்பத்தின் துயரத்திற்கு, நான்கு மாதங்களுக்கு முன் ஒரு குழாயின் அடியில் அரும்பிய எண்ணெயும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும்.

மன்னார்குடியிலோ ஒரத்தநாட்டிலோ பேருந்துச் சாலையின் ஓரத்தில் உள்ள ஒரு பட்டறையை எண்ணிப் பார்க்கலாம். எண்ணெய் வடியும் டிராக்டர் ஒன்று வந்து நிற்கிறது. தொழில் பழகும் இளைஞன் குழாயின் அடியில் ஈரத்தைக் கண்டதும் பசைக் குப்பியை எடுக்கிறான்.

“அண்ணே, கசிகிற இடம் கண்ணுக்குத் தெரிகிறதே, சுற்றிலும் பசையைப் பூசிவிட்டால் போதாதா?” என்கிறான்.

முதிய மெக்கானிக் அவனைத் தடுக்கிறார். “தம்பி, எண்ணெய் வடிகிற இடம் வேறு, பிறக்கிற இடம் வேறாக இருக்கலாம். முதலில் கழுவு, பிறகு பார்ப்போம்” என்கிறார்.

வண்டியின் உரிமையாளர் பொறுமையிழக்கிறார். “மேஸ்திரி, நாளை விடிந்தால் வண்டி வயலில் இறங்கவேண்டும்” என்கிறார்.

“இறங்கட்டும் ஐயா. ஆனால் நாளை மறுநாள் இங்கே திரும்பி வராமல் இருக்கவேண்டும் அல்லவா?” என்பது அவர் விடை.

அவர் சொல்லில் பொருள் உண்டு. எண்ணெய் கீழ்நோக்கி ஓடும். காற்றாடியின் காற்றுப் பட்டால் பின்னோக்கியும் பரவும். மேலேயுள்ள மூடியின் பொருத்துவாயில் கசிந்தது, குழாயின் வழியே இறங்கி அதன் அடியில் தேங்கலாம். குழாயின் அடியில் கசிந்தது, இன்ஜினின் பின்புறம் வரை சென்று, அங்குள்ள பெரிய சீல் பழுதுற்றது போலக் காட்டலாம். அதை நம்பி இன்ஜினைப் பிரித்தால் பணமும் நாளும் வீணாகும். எனவே தேர்ந்தவர்கள் முதலில் இன்ஜினின் வெளிப்புறம் முழுவதையும் கழுவித் துடைப்பர். உலர்ந்த பின் ஐயத்திற்குரிய இடங்களில் வெண்மையான மாவுப்பொடியை மெல்லத் தூவுவர். பிறகு இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, விளக்கை ஏந்திப் பார்ப்பர். வெண்பொடியில் முதலில் எங்கே கறை தோன்றுகிறதோ, அதுவே கசிவின் ஊற்றுக்கண்.

ஊற்றுக்கண் குழாயின் அடி என்று தெளிந்தபின், வரப்பை வெட்டித் திறக்கும் உழவரைப் போல அவர்கள் குழாயையே வெளியே எடுப்பர். இன்ஜின் குளிர்ந்திருக்கவேண்டும். சுற்றியுள்ள சேற்றையும் மணலையும் முன்னரே அகற்றிவிட வேண்டும். ஏனெனில் திறந்த துளைக்குள் விழும் ஒரு மணல் துகள், கசிவைவிடப் பெருந்தீங்கு செய்யும். குழாயை எடுத்தவுடன் துளையைத் தூய துணியால் அடைத்துக்கொள்வர்.

அடுத்தது ஒப்புநோக்குதல். பழைய குழாயையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல உண்மைகள் விளங்கும். புதியதன் அடிமுனை மயிரிழை அளவு சிறுத்திருக்கலாம். துளையின் விளிம்பில் சென்று தங்கவேண்டிய புடைப்பு வளையம் இல்லாதிருக்கலாம். வளைவு மாறியிருப்பதால் குழாய் நேராக இறங்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கலாம். அளவே பொருந்தாத குழாயை எந்தப் பசையும் நெடுங்காலம் காப்பாற்றாது. அதைத் திருப்பிக் கொடுத்து உரியதை வாங்குவதே வழி.

குழாய் சரியானது என்றால், துளையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் பழைய பசையையும் துருவையும் சுரண்டி எடுக்கவேண்டும். எண்ணெய்ப்பசை சிறிதும் எஞ்சாதபடி தின்னரில் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். பசை உலோகத்தைப் பற்றவேண்டுமேயன்றி, இடையில் உள்ள எண்ணெயைப் பற்றிப் பயனில்லை. அதன்பின் குழாயின் அடிமுனையைச் சுற்றி, எண்ணெயைத் தாங்கும் ஒட்டுப்பசையை மெல்லிய படலமாகத் தடவுவர். மிகுதியாகத் தடவினால் அது பிதுங்கி உள்ளே விழுந்து, எண்ணெய் செல்லும் வழியை அடைத்துவிடக்கூடும். ரப்பர் வளையம் உள்ள இடமாயின் புதிய வளையத்தை எண்ணெயில் நனைத்து மாட்டுவர். குழாயின் வாயில் சுத்தியால் அடித்தால் அது நசுங்கும். ஆதலால் புடைப்பின்மேல் பொருந்தும் தக்க உருளையை வைத்து, நேராக, மெல்லத் தட்டி இறக்குவர். பசை இறுகுவதற்கு உரிய நேரம் கொடுத்த பின்னரே இன்ஜினை இயக்குவர். பெரும்பாலும் அவசரக்காரர் தோற்பது இந்தக் கடைசிப் படியில்தான்.

இத்தனையும் செய்தும் மேல்முனையின் கிளாம்பை மாட்ட மறந்தால் உழைப்பு வீணாகும். தொழுவத்தில் அடித்த முளையை மாடு இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், முளை அசைந்து அசைந்து மண்ணில் குழி பெரிதாகும். அதுபோல இன்ஜினின் அதிர்வில் கட்டற்ற குழாய் ஆடிக்கொண்டே இருக்கும். ஆட ஆட அடிமுனையின் பிடிப்புத் தளரும். கசிவது அடியில், அதன் காரணமோ மேலே இல்லாமற்போன ஒரு கிளாம்பு.

குழாய் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்பதும் சிறிய செய்தியன்று. அது முழுதும் இறங்காமல் உயர்ந்து நின்றால், அதன் வாயில் தொங்கும் அளவுகோலும் உயர்ந்து நிற்கும். அப்போது தொட்டியில் எண்ணெய் நிறைந்திருந்தும் கோல் குறைவாகவே காட்டும். அதை நம்பி மேலும் மேலும் ஊற்றினால், சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயை அடித்து நுரையாக்கும். நுரைத்த எண்ணெய் உலோகத்தைக் காக்காது. கோல் பொய் சொல்வதில்லை. நிற்கும் இடம் பிழையாகிவிட்டால் மெய்யான கோலும் பிழையாகவே சொல்லும். ஆகையால் புதிய குழாய் பொருத்தியபின், தொட்டியில் அளந்து ஊற்றிய எண்ணெயோடு கோலின் குறியை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது அறிவுடைமை. வண்டி சமதளத்தில் நிற்கும்போது பார்க்கவேண்டும் என்பதும் மறக்கலாகாது.

சில வேளைகளில் குழாயும் சரி, பிடிப்பும் சரி, ஆயினும் எண்ணெய் வெளிவரும். அப்போது காரணம் இன்ஜினின் உள்ளே இருக்கிறது. எரியும் வாயுவில் ஒரு பகுதி பிஸ்டனின் வளையங்களைக் கடந்து கீழே இறங்குவது இயல்பு. அது வெளியேறுவதற்கு ‘பிரீதர்’ எனப்படும் மூச்சுக்குழல் உண்டு. சேறும் தூசும் அதனை அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் பெருகி, எளிய வழியாகிய அளவுகோற் குழாயின் வழியே எண்ணெயைத் தள்ளும். வளையங்கள் தேய்ந்துபோன இன்ஜினிலும் இதுவே நேரும். வடிகால் தூர்ந்த வயலில் நீர் ஏறினால், வரப்பை எவ்வளவு உயர்த்தினாலும் எங்கேனும் ஓரிடத்தில் உடையும் என்பதைத் தஞ்சை உழவர் அறிவர். அங்கே வேண்டுவது உயர்ந்த வரப்பன்று, தூர்வாரிய வடிகால்.

கசிவைச் சிறிதென்று எண்ணுவது பட்டறைகளில் மட்டும் நிகழும் பிழையன்று. 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவில் ‘சாலஞ்சர்’ என்னும் விண்வெளி ஓடம், ஏவப்பட்ட 73 நொடிகளில் வானில் சிதைந்தது. அதிலிருந்த எழுவரும் உயிரிழந்தனர். ராக்கெட்டின் பகுதிகள் இணையும் இடத்தில் இருந்த ரப்பர் வளையம், கடுங்குளிரில் நெகிழ்ச்சி இழந்து, வெப்ப வாயுவைக் கசியவிட்டதே காரணம். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன், அவ்வளையத்தின் ஒரு துண்டை இறுக்கிப் பிடித்துப் பனிக்கட்டி நீரில் இட்டு, பிடியைத் தளர்த்திய பின்னும் அது உடனே பழைய வடிவிற்குத் திரும்பாததை அனைவர் முன்னும் காட்டினார். அவ்வளையங்களைப் பற்றி ஏவுவதற்கு முன்பே பொறியாளர் சிலர் எச்சரித்திருந்தனர். கேட்கவேண்டியவர்கள் அதனைப் போதிய அளவு மதிக்கவில்லை. டிராக்டரின் ரப்பர் வளையமும் விண்வெளி ஓடத்தின் ரப்பர் வளையமும் அளவில் வேறு. ஆனால் இரண்டும் செய்யும் தொழில் ஒன்றே.

எண்ணெய் கசிந்து எங்கே போகிறது என்பதையும் எண்ணவேண்டும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்னும் அமெரிக்க அறிஞர், இங்கிலாந்தில் கிளாப்பம் என்னும் இடத்தில் ஒரு குளத்து நீரில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை விட்டார். அது பரவிப் பரவி ஏறத்தாழ அரை ஏக்கர்ப் பரப்பைக் கண்ணாடிபோல் அமைதியாக்கியது என்று 1774இல் வெளியான தம் கட்டுரையில் குறித்துள்ளார். தஞ்சைக் கணக்கில் அது ஒன்றரை மா நிலம். அவர் விட்ட எண்ணெய் உணவுக்குரியது. இன்ஜினிலிருந்து வடிவதோ கரியும் உலோகத் துகளும் கலந்தது. பயன்படுத்திய எண்ணெயை இந்தியாவின் 2016ஆம் ஆண்டு விதிகள் அபாயக் கழிவுகளின் வரிசையில் வைத்துள்ளன. ஆதலால் கசியும் டிராக்டரை நீர் நிறைந்த வயலில் இறக்குவதும், வாய்க்கால் கரையில் இன்ஜினைக் கழுவுவதும் ஊருக்குச் செய்யும் தீங்காகும். கழிவெண்ணெயைத் தகரத்தில் பிடித்து, வாங்குவதற்கு உரிமம் பெற்றவரிடம் சேர்ப்பதே முறை.

ஆழங்காண இயலாத ஆற்று மணலில் அடித்தளம் இடும் கலையைக் கல்லணை கட்டிய முன்னோரிடமிருந்தே கற்றதாகப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதியுள்ளார். 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டியவர் அவர். அணை நிற்பது கண்ணுக்குத் தெரியும் மதிலால் அன்று. கண்ணுக்குத் தெரியாமல் மணலில் புதைந்திருக்கும் அடித்தளத்தால். கல்லணையைக் கட்டியவர்களுக்கும் வரப்பின் வளையை வெட்டித் திறக்கும் உழவருக்கும் வெண்பொடி தூவிப் பார்க்கும் மெக்கானிக்குக்கும் கல்வி வேறு, கருவி வேறு. ஆனால் மூவர் கண்ணும் செல்லும் இடம் ஒன்றே. அது, ஒரு பொருளும் மற்றொரு பொருளும் சேர்கின்ற அடியிடம்.

மேலே பூசிய பசை கடனைத் தள்ளிப்போடுவது போன்றது. வட்டியோடு அது திரும்பி வரும். ஊற்றுக்கண்ணைத் தேடிச் சென்று செய்த வேலை பிறர் கண்ணில் படுவதில்லை. நன்றாகப் பொருத்திய குழாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைப் பொருத்தியவரைப் புகழ்வாரும் இல்லை. டிராக்டர் வயலில் ஓடும், நாற்று நடப்படும், மழைக்கு முன் நெல் வீடு சேரும். மாலையில் ஓட்டுநர் வழக்கம்போல் குழாயின் அடியை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பார். துணியில் கறை இராது. அந்தக் கறையில்லாத துணியே அவ்வேலைக்கு உரிய நற்சான்று.